பெரிய நாடுகளின் வரிச் சண்டை: லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு, நம் பருத்தி விலைக்கு என்ன?



கிராமங்களில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் முன்பெல்லாம் பூச்சி, உரம், விதை பற்றித்தான் கேள்வி வரும். இப்போது உலகச் செய்தியும் கேள்வியாக வருகிறது. "அமெரிக்காக்காரன் வரி போட்டால் எனக்கென்ன? நான் என் பருத்தியை இங்கே விற்பனைக்கூடத்தில்தானே போடுகிறேன்?" என்று ஒருவர் கேட்கிறார். "சீனாவும் அமெரிக்காவும் அடித்துக்கொண்டால் நமக்கு நல்லதுதானே, நம் சரக்குக்குக் கிராக்கி வருமே?" என்று இன்னொருவர் கேட்கிறார்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. சண்டை போடும் நாடுகளின் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். விற்பவர், வாங்குபவர் இருவரில் யாருக்கு வேறு வழி இருக்கிறது, யாரால் காத்திருக்க முடிகிறது என்று மட்டும் பாருங்கள். இந்த இரண்டும் உள்ளவர் தப்பித்துக்கொள்கிறார். இரண்டும் இல்லாதவர் தலையில் சுமை இறங்குகிறது. பெரும்பாலும் அது விவசாயியின் தலையாகவே இருக்கிறது. இதை நடந்த கதைகளை வைத்தே பார்ப்போம். கடைசியில் இந்தப் பருவத்தில் நாம் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

வரியைக் கட்டுவது ஒருவர், சுமப்பது வேறொருவர்

இறக்குமதி வரி என்றால் விற்கும் நாடு கட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வாங்கும் நாட்டில் உள்ள இறக்குமதியாளர், சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது தன் அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் அது. அதன் பிறகுதான் பேரம் தொடங்குகிறது. அவர் அந்தச் சுமையைத் தன் வாடிக்கையாளர் மீது ஏற்றி விலையைக் கூட்டலாம். அல்லது "விலையைக் குறைத்தால்தான் வாங்குவேன்" என்று விற்பவர் பக்கம் தள்ளலாம்.

இதை நம் ஊர்ப் பக்கம் வைத்துப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு வாங்க ஒரே ஒரு ஜவ்வரிசி ஆலைதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்குச் செலவு கூடினால் முதலில் எங்கே கை வைப்பார்கள்? கிழங்கு விலையில்தான். தோண்டிய கிழங்கை நீங்கள் வீட்டில் வைத்துக் காத்திருக்க முடியாது. அதே வட்டாரத்தில் மூன்று ஆலைகள் போட்டி போட்டு வாங்கினால் அந்த ஆலையால் உங்கள் விலையில் கை வைக்க முடியாது. நாடுகளுக்கு இடையேயும் நடப்பது இதேதான்.

2018, 2019-ல் சீனப் பொருட்கள் மீது அமெரிக்கா போட்ட வரிகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சுமையின் பெரும்பகுதி அமெரிக்க இறக்குமதியாளர்கள் மீதே விழுந்தது என்று கண்டார்கள். அந்தப் பொருட்களுக்கு உடனே வேறு நாட்டைத் தேடிப் பிடிக்க அவர்களால் முடியவில்லை. ஆனால் பதிலடியாகச் சீனா போட்ட வரி அமெரிக்க விவசாயி மீது விழுந்தது. சீனாவுக்கு வேறு வழி இருந்தது, விவசாயிக்கு இல்லை.

வரி வந்தபோது நிலத்தில் நின்ற சோயா

2018 ஜூலை 6-ம் தேதி சீனப் பொருட்கள் மீதான 25 சதவீதக் கூடுதல் வரியை அமெரிக்கா நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே நாளில் சீனா, அமெரிக்க சோயா மீது 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. உலகச் சந்தைக்கு வரும் சோயாவில் ஏறத்தாழ 60 சதவீதத்தை வாங்குவது சீனாதான். பன்றிக்கும் கோழிக்கும் தீவனப் பிண்ணாக்கு, சமையலுக்கு எண்ணெய் இரண்டையும் அதிலிருந்து எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட பெரிய வாடிக்கையாளர் கடைக்கு வராமல் போனால் என்ன ஆகும்?

அயோவா, இல்லினாய்ஸ் போன்ற மாநிலங்களின் விவசாயிகள் வசந்த காலத்திலேயே விதைத்துவிட்டார்கள். விதை, உரம், களைக்கொல்லி எல்லாச் செலவும் முடிந்துவிட்டது. வரி வந்தபோது பயிர் நிலத்தில் நிற்கிறது. மே மாதம் ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) 10 டாலருக்கு மேல் இருந்த சிகாகோ சந்தை விலை, ஜூலை நடுவில் எட்டரை டாலருக்கும் கீழே போனது. 2017-ல் சீனாவுக்கு சுமார் 1,220 கோடி டாலர் மதிப்புக்கு விற்ற அமெரிக்க சோயா, 2018-ல் சுமார் 310 கோடி டாலராகச் சுருங்கியது.

போதாக்குறைக்கு, அதே 2018 ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தொடங்கியது. பன்றிகள் குறைந்ததால் தீவனத் தேவையும் குறைந்தது. வரிச் சண்டையோடு நோய், வறட்சி, அதிக விளைச்சல் என்று ஏதாவது ஒன்று சேர்ந்து வரும்போது அடி இரட்டிப்பாகிறது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்குள்ளேயே எல்லோரும் நட்டப்படவில்லை. சோயா ஆட்டும் ஆலைகள் மலிவு விலையில் வாங்கி நல்ல லாபம் பார்த்தன. ஐரோப்பிய நாடுகள், விலை குறைந்த அமெரிக்க சோயாவை முன்பைவிட அதிகமாக வாங்கின. சோயா விளையும் அர்ஜென்டினாகூட, அந்த ஆண்டு வறட்சியில் விளைச்சல் குறைந்ததால், அமெரிக்க சோயாவை வாங்கியது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடுவதில்லை, வேறு வாய்க்காலில் போகிறது. ஆனால் எந்த வயலுக்குப் போய்ச் சேர்கிறது, வழியில் எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் லாப நட்டம் இருக்கிறது.

கூத்தாடிக்குக் கொண்டாட்டம், ஆனால் யாருக்கு?

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தச் சண்டையில் அந்தக் கொண்டாட்டம் பிரேசிலுக்கு. சீன வியாபாரிகள் பிரேசில் துறைமுகங்களில் வரிசை கட்டினார்கள். சிகாகோவில் விலை விழுந்துகொண்டிருந்தபோது, பிரேசில் சோயாவுக்கு அந்த விலைக்கு மேல் கூடுதல் தொகை கொடுத்து வாங்கினார்கள். 2018-ன் பிற்பகுதியில் அந்தக் கூடுதல் தொகை ஒரு புஷலுக்கு 2 டாலரையும் தாண்டியது.

ஆனால் பிரேசில் விவசாயி ஒரே நாளில் அந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. 1973 ஜூனில், உள்நாட்டு விலை ஏறிவிட்டது என்று அமெரிக்கா திடீரென்று சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை சில மாதங்களில் தளர்ந்தது. ஆனால் அமெரிக்க சோயாவையே நம்பியிருந்த ஜப்பான் அதிர்ந்து போனது. வேறு வழி தேட வேண்டும் என்று முடிவு செய்து, பின்னாளில் பிரேசிலின் செராடோ என்ற பரந்த புல்வெளிப் பகுதியில் விவசாயத்தை வளர்க்கப் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்தது. அதே 1973-ல் பிரேசில் அரசு எம்ப்ராபா என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. செராடோ மண் புளிப்புத் தன்மை கொண்டது, ஒன்றும் விளையாது என்று ஒதுக்கப்பட்ட மண். அதற்குச் சுண்ணாம்பு இட்டுத் திருத்தினார்கள். குளிர்நாட்டுப் பயிரான சோயாவில் வெப்ப மண்டலத்துக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கினார்கள். 2018-ல் சண்டை வந்தபோது பிரேசிலிடம் விளைச்சல், ரகம், துறைமுகம், வியாபாரத் தொடர்பு எல்லாம் தயாராக இருந்தன. சண்டையைப் பார்த்த பிறகு தயாரானவர்களுக்கு அந்த லாபம் கிடைத்திருக்காது.

பிரேசிலுக்குள்ளும் எல்லோருக்கும் கொண்டாட்டம் இல்லை. சோயா விலை ஏறியதால் அங்குள்ள எண்ணெய் ஆலைகளுக்கும், கோழி, பன்றி வளர்ப்பவர்களுக்கும் செலவு கூடியது. நாமக்கல் கோழிப்பண்ணையாளரிடம் கேட்டால் இதை நன்றாகச் சொல்வார். மக்காச்சோளம் விலை ஏறினால் மக்காச்சோள விவசாயிக்கு மகிழ்ச்சி, முட்டைக்காரருக்கு வருத்தம். ஆகவே "ஒரு நாட்டுக்கு லாபம்" என்று செய்தியில் படித்தால், அந்த நாட்டில் யாருக்கு என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

நிவாரணம் வந்தது, சந்தை திரும்பவில்லை

அமெரிக்க அரசு தன் விவசாயிகளைக் கைவிடவில்லை. 2018-ல் 1,200 கோடி டாலர் வரையிலும், 2019-ல் 1,600 கோடி டாலர் வரையிலும் உதவித் திட்டங்களை அறிவித்தது. ஆனால் அந்தப் பணம் விளைச்சலையும் பரப்பையும் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. நிலம் அதிகம் உள்ளவருக்கு அதிகம் போனது, சிறு விவசாயிக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது.

2020 ஜனவரியில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இரண்டு ஆண்டுகளில் 20,000 கோடி டாலர் அளவுக்குக் கூடுதலாக வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. சொன்ன அளவை அது எட்டவில்லை. 2025-ல் மீண்டும் சண்டை மூண்டது. மார்ச் மாதம் சீனா அமெரிக்க சோயாவுக்கு 10 சதவீதமும், கோதுமை, மக்காச்சோளம், பருத்தி, கோழி இறைச்சிக்கு 15 சதவீதமும் கூடுதல் வரி போட்டது. 2025 செப்டம்பரில் சீனாவுக்கு அமெரிக்க சோயா ஒரு மூட்டைகூடப் போய்ச் சேரவில்லை. அதே மாதம் அர்ஜென்டினா தன் ஏற்றுமதி வரியைச் சில நாட்கள் நீக்கியது. சீன வியாபாரிகள் உடனே அங்கே கப்பல் கப்பலாக வாங்கினார்கள். அக்டோபர் இறுதியில் இரு நாட்டுத் தலைவர்களும் தென் கொரியாவில் சந்தித்த பிறகுதான், 2026 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டன் வாங்குவது என்ற பேச்சு முடிவானது. டிசம்பரில் அமெரிக்க அரசு மறுபடியும் 1,200 கோடி டாலர் உதவி அறிவிக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 2016-ல் சீனா வாங்கிய சோயாவில் ஏறத்தாழ 40 சதவீதம் அமெரிக்காவினுடையது. 2024-ல் அது ஏறத்தாழ 20 சதவீதம். சண்டையை நிறுத்திவிடலாம், போன வாடிக்கையாளர் அப்படியே திரும்பி வருவதில்லை. புதிய கடையில் கணக்குத் தொடங்கியவர் பழைய கடைக்குப் பாதி மனதோடுதான் வருவார்.

வரிகளுக்கும் ஆயுள் நீளம். 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சி மீது வரியை உயர்த்தின. பதிலுக்கு அமெரிக்கா வெளிநாட்டுச் சிறு சரக்கு வாகனங்கள் மீது 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டையை இன்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் 1964-ல் வந்த அந்த வாகன வரி இன்னும் இருக்கிறது.

நாம் வரி போட்டபோது லாபம் யாருக்குப் போனது?

நாமும் ஒருமுறை பதிலடி கொடுத்தோம். நம் எஃகு, அலுமினியத்தின் மீது அமெரிக்கா வரி போட்டதாலும், நமக்கு இருந்த வரிச் சலுகையை விலக்கியதாலும், 2019 ஜூனில் இந்தியா 28 அமெரிக்கப் பொருட்கள் மீது கூடுதல் வரி விதித்தது. ஆப்பிள், பாதாம், வால்நட், கொண்டைக்கடலை, பருப்பு வகைகள் அதில் இருந்தன. அமெரிக்க ஆப்பிளுக்கு வரி 50 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானது.

அமெரிக்க ஆப்பிள் இறக்குமதி 2018-19-ல் 14.5 கோடி டாலராக இருந்தது, 2022-23-ல் அரைக் கோடி டாலர் அளவுக்கு விழுந்தது. அப்படியானால் அந்த இடம் முழுவதும் இமாச்சல், காஷ்மீர் விவசாயிகளுக்குக் கிடைத்ததா? இல்லை. அதே காலத்தில் மற்ற நாடுகளிலிருந்து வந்த ஆப்பிள் 16 கோடி டாலரிலிருந்து 29 கோடி டாலராக உயர்ந்தது. துருக்கி, ஈரான், இத்தாலி, சிலி போன்ற நாடுகள் காலி இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. 2023 செப்டம்பரில் அந்தக் கூடுதல் வரி விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒருவர் மீது மட்டும் கதவைச் சாத்தினால், உள்ளூர் விவசாயியைவிடப் பக்கத்து வாசலில் தயாராக நின்றவரே முதலில் நுழைகிறார்.

திருப்பூரில் விழுந்த வரி, பருத்திக் காட்டுக்கு வந்த வழி

இனி நம் கதைக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 25 சதவீத வரியை நடைமுறைப்படுத்தியது. ரஷ்யாவிலிருந்து எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ல் மேலும் 25 சதவீதம் சேர்த்தது. மொத்தம் 50 சதவீதம். அதே நேரத்தில் வங்காளதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம், பாகிஸ்தானுக்கு 19 சதவீதம். இந்த விகிதங்கள் பேச்சுவார்த்தை, நீதிமன்றம் என்று மாறிக்கொண்டே இருப்பவை. அன்றன்றைய விகிதத்தைச் செய்தியில் பாருங்கள். நான் சொல்ல வருவது அடி நமக்கு எந்த வழியாக வருகிறது என்பதை.

நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. அமெரிக்கக் கடைக்காரருக்கு டாக்காவும் ஹோ சி மின் நகரமும் வேறு வழிகளாக இருக்கின்றன. ஆகவே அவர் திருப்பூர்க்காரரிடம் தள்ளுபடி கேட்கிறார். திருப்பூர்க்காரர் நூற்பாலையிடம் விலைக் குறைப்பு கேட்கிறார். நூற்பாலை அரசிடம் பஞ்சு விலையைக் குறைக்க வழி கேட்கிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணி பருத்தி விவசாயி. அவர் கேட்க அடுத்து ஆளில்லை.

மத்திய அரசு, பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை நீக்கியது. பிறகு அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆலைகளின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆலையும் பின்னலாடைக் கூடமும் மூடினால் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழப்பார்கள். அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆலை ஓடாவிட்டால் நம் பருத்தியை வாங்கவும் ஆள் இல்லை. ஆனால் நீட்டிப்பு வந்த காலம், நாடு முழுவதும் பருத்தி எடுத்துச் சந்தைக்கு வரும் காலம். அதனால்தான் விவசாயிகளுக்கு வலித்தது.

இந்த 11 சதவீதம் உங்கள் கையில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, வெளிநாட்டுப் பஞ்சு ஒரு கண்டி (356 கிலோ) 50,000 ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வரி இருந்தால் ஆலைக்கு அது 55,500 ரூபாய் ஆகும். வரி இல்லாவிட்டால் 50,000 ரூபாய்தான். உள்ளூர்ப் பஞ்சும் அந்த விலைக்குத்தான் போட்டி போட வேண்டும். வித்தியாசம் கிலோ பஞ்சுக்கு சுமார் 15 ரூபாய் 45 காசு. ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் சுமார் 34 கிலோ பஞ்சு கிடைக்கும். ஆக, குவிண்டாலுக்கு சுமார் 525 ரூபாய். ஏக்கருக்கு எட்டு குவிண்டால் எடுப்பவருக்கு 4,200 ரூபாய். முழுத் தொகையும் குறைந்தே தீரும் என்று இல்லை, ஆனால் குறைய இடம் இருக்கும் தொகை அது. தன் வாழ்நாளில் அமெரிக்காவுக்கு ஒரு கிலோகூட விற்காத விவசாயிக்கு அந்தச் சண்டை இப்படித்தான் வந்து சேர்கிறது.

இன்னொன்றும் உண்டு. வரியில்லாத காலத்தில் வந்திறங்கிய பஞ்சு அன்றே தீர்ந்துவிடாது. ஆலைக் கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே மானாவாரிப் பருத்திக்கு மட்டுமல்ல, டெல்டாவில் நெல் அறுவடைக்குப் பின் போடும் தரிசுப் பருத்திக்கும் அதன் நிழல் விழ வாய்ப்பு உண்டு.

2025-ல் இறால் வளர்ப்பவர்கள் நிலை இன்னும் கடினமாக இருந்தது. நம் இறாலுக்கு அமெரிக்காவே பெரிய சந்தை. ஏற்கெனவே இருந்த வரிகளோடு சேர்ந்து மொத்தம் 58 சதவீதத்தைத் தாண்டியது. போட்டி நாடான ஈக்வடாருக்கு அப்போது போட்ட புதிய வரி 15 சதவீதம்தான். பருத்தியை உலர்த்தி ஒரு மாதம் வைக்கலாம். குளத்தில் வளர்ந்த இறாலை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? காத்திருக்க முடியாத பொருளுக்கு அடி பெரிது.

இடுபொருளிலும் சண்டையின் கை

விற்கும் இடத்தில் மட்டுமல்ல, வாங்கும் இடத்திலும் இந்தச் சண்டைகள் தொடுகின்றன. நம் நாடு பொட்டாஷ் தேவைக்கு ஏறத்தாழ முழுவதும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. டி.ஏ.பி. உரத்திலும் பெரும்பங்கு இறக்குமதிதான். சீனா 2021-லிருந்து தன் உர ஏற்றுமதியை அவ்வப்போது இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் பருவத் தொடக்கத்தில் டி.ஏ.பி. கிடைக்காமல் கடை கடையாக அலைந்தது உங்களுக்கே தெரியும். மானியம் இருப்பதால் விலை ஏறுவது நம் கண்ணுக்குத் தெரியாது, தட்டுப்பாடுதான் தெரியும்.

டி.ஏ.பி. கிடைக்காவிட்டால் விதைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் அல்லது காம்ப்ளக்ஸ் உரங்கள் போதும். மண் பரிசோதனை செய்து பாருங்கள். பல ஆண்டுகள் டி.ஏ.பி. இட்ட நிலங்களில் மணிச்சத்து மண்ணிலேயே தேங்கி இருக்கும். அங்கே அளவைக் குறைத்து, பாஸ்போபாக்டீரியாவைத் தொழு உரத்துடன் கலந்து இட்டால் தேங்கியதைப் பயிர் எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பருவத்தில் நாம் செய்யக்கூடியவை

டெல்லியிலும் வாஷிங்டனிலும் எடுக்கும் முடிவை நாம் மாற்ற முடியாது. ஆனால் "வேறு வழி", "காத்திருக்கும் வசதி" இரண்டையும் நம் அளவில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள முடியும்.

முதலாவது, குறைந்தபட்ச ஆதரவு விலை என்ற வழியைத் திறந்து வையுங்கள். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். வெளிச் சந்தை விலை இதற்குக் கீழே போகும்போது இந்தியப் பருத்திக் கழகம் வாங்குகிறது. ஆனால் அதற்குக் கபாஸ் கிசான் செயலியில் முன்பதிவு வேண்டும். பதிவுக்கு நில ஆவணமும் சாகுபடி விவரமும் கேட்பார்கள். குத்தகைக்கு உழுபவர்கள் இங்கேதான் வெளியே நிற்க நேர்கிறது. விதைத்த உடனேயே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பயிரைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நேரத்தில் ஓடினால் வேலைக்கு ஆகாது. எந்த நிவாரணம் வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

இரண்டாவது, தரத்தைக் கையில் வையுங்கள். கழகம் 8 சதவீத ஈரப்பதத்தை அடிப்படையாக வைத்து வாங்குகிறது. அதற்கு மேல் போனால் விலையில் பிடித்தம் உண்டு. 12 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குவதில்லை. பனி உலர்ந்த பிறகு பருத்தி எடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். கொட்டுப் பருத்தியைத் தனியாகப் பிரியுங்கள். உரச் சாக்கில் அடைக்காமல் துணிச் சாக்கில் அடையுங்கள். பிளாஸ்டிக் இழை ஒன்று கலந்தாலும் நூலில் குறை தெரியும், ஆலை அதைச் சொல்லியே விலையைக் குறைக்கும். சந்தை மந்தமாக இருக்கும்போது வாங்குபவர் முதலில் ஒதுக்குவது தரம் குறைந்த சரக்கைத்தான்.

மூன்றாவது, காத்திருக்கும் வசதி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை வைத்து அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். வட்டியையும் கால அளவையும் உங்கள் விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். உடனடிச் செலவை அந்தக் கடனில் சமாளித்து, சரக்கைப் பகுதி பகுதியாக விற்கலாம். எல்லாவற்றையும் கடைசி வரை வைத்திருந்து பெரிய விலைக்குக் காத்திருப்பது சூதாட்டம். மூன்று பங்காகப் பிரித்து மூன்று நேரத்தில் விற்பது நிதானம். விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, விளைச்சலை அவருக்கே தருவதாக ஒப்புக்கொண்டால் உங்களுக்கு வாங்குபவர் ஒருவர்தான். அந்த ஒற்றை ஆலைக் கதை அங்கே தொடங்கிவிடுகிறது.

நான்காவது, வேறு வாங்குபவர்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்து மொத்தமாக ஏலத்துக்கு வாருங்கள். இ-நாம் வசதியுள்ள கூடங்களில் வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம். உழவன் செயலியிலும் விற்பனைக்கூடப் பலகையிலும் அன்றைய விலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஐந்தாவது, நிலம் முழுவதையும் ஒரே வெளிநாட்டுச் சந்தையை நம்பிய பயிருக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை உள்நாட்டுத் தேவை உள்ள பயிருக்கு ஒதுக்குங்கள். மக்காச்சோளத்துக்குக் கோழித் தீவனத் தேவை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, எள் ஆகியவற்றுக்கும் வீட்டுச் சந்தை உண்டு. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தையும் சோயாவையும் இந்தியா திறந்த மனதோடு இறக்குமதி செய்ய வேண்டும் என்று அமெரிக்கா பேச்சுவார்த்தையில் கேட்டுவருகிறது. 2025 ஆகஸ்ட் 7-ல் எம்.எஸ். சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில், விவசாயிகள், மீனவர்கள், பால் உற்பத்தியாளர்கள் நலனில் சமரசம் இல்லை என்று பிரதமர் சொன்னார். மக்காச்சோளம் போடுபவர்கள் இந்தப் பேச்சுவார்த்தைச் செய்தியைத் தொடர்ந்து கவனித்து வருவது நல்லது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "சண்டை வந்துவிட்டது, சீனாக்காரன் நம்மிடம்தான் வாங்கப் போகிறான், இந்த வருடம் விலை எகிறும்" என்ற பேச்சு சந்தையில் அடிக்கடி கிளம்பும். அதை நம்பிக் கடன் வாங்கிப் பரப்பைக் கூட்டாதீர்கள். சண்டையில் லாபம் பார்த்த பிரேசில்காரர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மண்ணைத் திருத்தி, ரகத்தைத் தேர்ந்து, வாங்குபவரைப் பிடித்து வைத்திருந்தவர்கள். விலைச் செய்தி காதுக்கு வரும்போது லாபத்தின் பெரும்பகுதி கைமாறியிருக்கும்.

விதைப்பதற்கு முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விளைச்சலை வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? அறுவடைக்குப் பின் எத்தனை நாள் என்னால் வைத்திருக்க முடியும்? விலை விழுந்தால் அரசு வாங்குவதற்கு என் பெயரில் தாள் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் எந்த நாட்டுச் சண்டையும் உங்களை அடியோடு சாய்க்காது. ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் விதைப்புக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகினால், மண் பரிசோதனைக்கும் ரகத் தேர்வுக்கும் விற்பனை வழிகளுக்கும் உதவுவார்கள்.